நோன்புக்குச் சமஸ்கிருதப் பெயர், பழைய வழக்கத்துக்கு அரபுப் பெயர்: மலாய்க்காரர்களின் ‘அடாட்’

மலாய் மொழியில் நோன்புக்கு ‘புவாசா’ என்று பெயர். ஏகாதசிக்கு இருப்பார்களே உபவாசம், அதே சொல்தான். சொர்க்கம் ‘ஷுர்கா’, நரகம் ‘நெராகா’. பாவத்துக்கு ‘டோசா’ என்பார்கள், தோஷம் என்று நாம் சொல்வதுதான். நன்மைக்கு இறைவன் தரும் கூலி ‘பஹாலா’, அதற்குள் இருப்பது ‘பலன்’. தொழுகைக்கு வழிவழியாக இருக்கும் சொல் ‘செம்பாஹ்யாங்’. வணங்குவதைக் குறிக்கும் ‘செம்பா’வும் தெய்வத்தைக் குறிக்கும் ‘ஹியாங்’ என்ற மிகப் பழைய சொல்லும் சேர்ந்தது அது. இத்தனைக்கும் இந்த மக்கள் ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்கள்.

மறுபக்கம் பாருங்கள். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம், சடங்கு, ஊர்க்கட்டுப்பாடு, மரியாதை முறை எல்லாவற்றுக்கும் சேர்த்து மலாயில் ஒரே சொல்: ‘அடாட்’. அது அரபுச் சொல். இந்தியிலும் உருதுவிலும் பழக்கத்தை ‘ஆதத்’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு.

ஆக, இஸ்லாமியக் கடமைக்கு இஸ்லாத்துக்கு முந்தைய பெயர்; முந்தைய வழக்கத்துக்கு இஸ்லாத்தோடு வந்த பெயர். இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால் மலாய்ச் சமூகத்தைப் பற்றிப் பெரும்பகுதி புரிந்துவிடும். இந்தக் கட்டுரை அடாட் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே போகிறது.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை ஒதுக்கி வைத்துவிடலாம். இஸ்லாம் வந்ததும் பழையதெல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் பெயரளவுக்குத்தான் முஸ்லிம்கள், உள்ளுக்குள் பழைய மரபுதான் ஓடுகிறது என்று வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. மலாய்க்காரர்களே இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமிருந்து பரவிய பழமொழி அது: ‘அடாட் பெர்செண்டி ஷாராக், ஷாராக் பெர்செண்டி கித்தாபுல்லா’. வழக்கம் ஷரீஅத்தின் மேல் நிற்கிறது, ஷரீஅத் இறைவேதத்தின் மேல் நிற்கிறது என்று பொருள். இதில் வரும் ‘செண்டி’ என்ற சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மரவீட்டின் தூணுக்குக் கீழே வைக்கும் அடிக்கல்லையும் அது குறிக்கும். அந்த வீடுகளில் தூணை மண்ணுக்குள் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துவார்கள். தூண் வேறு, கல் வேறு; ஆனால் கல் இல்லாமல் தூண் நிற்காது. மதமும் மரபும் கலந்துவிட்டன என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தப் படம் எவ்வளவோ துல்லியமானது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். சுமத்ராவின் வடமுனையில், இன்றைய ஆச்சேயில், சமுத்ரா பாசாய் என்ற துறைமுக அரசு இருந்தது. 1292ல் அந்தக் கரையோரம் போன மார்கோ போலோ, பக்கத்தில் பெர்லாக் என்ற ஊரில் மக்கள் முஸ்லிம்களாக இருப்பதைக் குறித்து வைத்தார். பாசாயின் முதல் சுல்தான் மாலிக்குஸ் ஸாலிஹின் கல்லறையில் உள்ள ஆண்டு 1297. ஐம்பது வருடம் கழித்து அங்கே வந்த இபுனு பதூதா, அரசர் ஷாஃபி மத்ஹபை, அதாவது சுன்னி இஸ்லாத்தின் நான்கு சட்ட மரபுகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார் என்று எழுதினார். இன்றும் மலாய் உலகம் முழுக்க ஷாஃபிதான். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர்களும் இலங்கை முஸ்லிம்களும் ஷாஃபிகள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்லாம் அங்கே எங்கிருந்து போனது? அரபு நாட்டிலிருந்தா, குஜராத்திலிருந்தா, தென்னிந்தியாவிலிருந்தா என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக வாதாடுகிறார்கள். ஒரே ஊரிலிருந்து போயிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். வங்கக் கடலில் ஓடிய கப்பல்களில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆனால் மலாய்க்காரர்களின் பழைய வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ ஒரு கதை சொல்கிறது. மக்காவிலிருந்து சமுத்ராவுக்குப் புறப்பட்ட கப்பல் வழியில் ஒரு நாட்டில் நிற்கிறது. அந்த நாட்டு அரசர் ஆட்சியை விட்டுவிட்டு, பக்கீராகக் கப்பலில் ஏறிப்போய் சமுத்ரா அரசருக்கு இஸ்லாத்தைக் கற்பிக்கிறார். அந்த நாட்டின் பெயர் ‘முஃதபர்’. அரபு வணிகர்கள் ‘மஃபர்’ என்று அழைத்த சோழமண்டலக் கரைதான் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கதைதான், ஆனால் மலாய்க்காரர்கள் தங்கள் மதத்தின் வழியை நினைவு வைத்திருக்கும் கதையில் நம் கரை இருக்கிறது.

அடுத்தது ஒரு கல். 1887ல் இன்றைய மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள கோலா பெராங் ஊரில், வெள்ளம் வடிந்த பின் ஆற்றோரத்தில் கண்டெடுக்கப்பட்டது. நான்கு பக்கமும் எழுத்து. அரபு லிபியில் மலாய் மொழி. கடன், விபச்சாரம், அபராதம் பற்றிய இஸ்லாமியச் சட்டங்கள். ஆண்டு 1303 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கல்லின் ஒரு மூலை உடைந்திருப்பதால் அதில் விவாதம் உண்டு. 2009ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள். இந்தக் கல்லில் இறைவனுக்கு எழுதியிருக்கும் பெயர்தான் முக்கியம்: ‘டேவாத்தா முலியா ராயா’. தேவதை என்று நமக்கும் தெரிந்த சமஸ்கிருதச் சொல்லோடு, மேன்மையும் பெருமையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்தது. புதிய சட்டத்தை மக்களுக்குச் சொல்ல வந்தவர் மக்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லில் சொன்னார். புவாசாவும் ஷுர்காவும் இந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் மலாக்கா. பலெம்பாங் இளவரசரான பரமேஸ்வரா 1400 வாக்கில் அமைத்த துறைமுகம். சில பத்தாண்டுகளுக்குள் அங்கே அரசர்கள் முஸ்லிம்களாகிவிட்டார்கள். ஆனாலும் 1440களின் நடுவில் ஆண்ட ஓர் அரசரின் பட்டம் ‘ஸ்ரீ பரமேஸ்வர தேவ ஷா’. பட்டத்தின் முன்பாதி பழசு, கடைசிச் சொல் புதுசு. 1446ல் அரண்மனைக் கலகத்தில் அவர் கொல்லப்பட, அவருடைய சகோதரர் ராஜா காசிம், முசாபர் ஷா என்ற பெயரில் சுல்தானானார். காசிமின் தாய், கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் மகள் என்கிறது செஜாரா மெலாயு. கெலிங் என்பது தென்னிந்தியாவுக்கு மலாய்க்காரர்கள் வைத்திருந்த பெயர். அது தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அரியணைப் போட்டியில் வென்றவர் முஸ்லிம் வணிகர்களின் ஆதரவு பெற்றவர் என்பதால், மலாக்கா உறுதியான இஸ்லாமிய அரசாக நிலைத்த தருணம் இதுதான் என்று சொல்லலாம்.

மலாக்காவின் சட்டத் தொகுப்பான ‘ஹுக்கும் கானூன் மெலாக்கா’வில் அடாட் எப்படி வேலை செய்தது என்று நேரடியாகவே பார்க்கலாம். பல குற்றங்களுக்கு அதில் இரண்டு தீர்ப்பு இருக்கும். முதலில் நாட்டு வழக்கப்படி தண்டனை, பெரும்பாலும் அபராதம். அதை ஒட்டியே, ‘ஆனால் அல்லாஹ்வின் சட்டப்படி’ என்று ஆரம்பித்து ஷரீஅத் தண்டனை. ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதவில்லை. நீதி சொல்பவர் முன்னால் இரண்டையும் வைத்தார்கள். 1511ல் போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்த பிறகும் இந்தத் தொகுப்பின் பிரதிகள் மற்ற மலாய் அரசுகளுக்குப் போய், அங்கங்கே திருத்தங்களோடு புழங்கின.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரபு எழுத்தில் மலாயை எழுதும் முறைக்கு ஜாவி என்று பெயர். அரபியில் இல்லாத ச, ங, ப, க, ஞ போன்ற ஒலிகளுக்காக இருக்கிற எழுத்தில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். தமிழ் முஸ்லிம்களின் அர்வி, அதாவது அரபுத் தமிழ், இதே வேலையைத் தமிழுக்குச் செய்தது. கடலின் இரண்டு கரையிலும் ஒரே தேவை, ஒரே தீர்வு. இன்று மலேசியாவில் அன்றாட எழுத்து ரோமன்தான். ஆனால் சமயப் பாடநூல்களிலும் கிளந்தான் மாநிலக் கடைப் பெயர்ப் பலகைகளிலும் ஜாவி உயிரோடு இருக்கிறது.

இனி இன்றைய வாழ்க்கைக்கு வருவோம். அடாட் என்றால் என்ன என்று ஒருவருக்கு விளக்க வேண்டுமென்றால் ஒரு மலாய்க் கல்யாணத்துக்கு அழைத்துப் போனால் போதும்.

கல்யாணம் இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு ‘அகாட் நிக்கா’. பெண்ணின் ‘வலி’ என்ற பொறுப்பாளர், பெரும்பாலும் தகப்பனார், அல்லது அவர் சார்பில் நிக்காஹ் செய்து வைப்பவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்பந்த வாசகத்தைச் சொல்வார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் கேட்டு ‘சா’ என்பார்கள், செல்லும் என்று. அவ்வளவுதான், திருமணம் முடிந்தது. இது மதம். உலகில் எந்த முஸ்லிமுக்கும் புரியும்.

இரண்டாவது துண்டு ‘பெர்சாண்டிங்’. மாப்பிள்ளையும் பெண்ணும் அலங்கரித்த மேடையில், ‘பெலாமின்’ என்று பெயர், ராஜா ராணி போல உட்காருவார்கள். அன்றைக்கு அவர்களை ‘ராஜா செஹாரி’, ஒருநாள் ராஜா என்றே அழைப்பார்கள். கொம்பாங் என்ற தப்புப் போன்ற கைப்பறை முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் வரும். சில இடங்களில் முன்னால் சிலாட் வீரர்கள் தற்காப்புக் கலை காட்டுவார்கள். பெரியவர்கள் வரிசையாக வந்து பன்னீர் தெளித்து, அரிசியும் பூவும் தூவி வாழ்த்துவார்கள். வந்தவர்களுக்கு ‘புங்கா தெலூர்’, பூவோடு சேர்த்து அலங்கரித்த அவித்த முட்டை. நம் தாம்பூலப் பை மாதிரி. இப்போது முட்டைக்குப் பதில் மிட்டாயோ கேக்கோ கொடுப்பதும் உண்டு. இது அடாட்.

இரண்டுக்கும் என்ன உறவு? நிக்காஹ் நடந்து மேடை ஏறாவிட்டாலும் அவர்கள் கணவன் மனைவிதான். மேடை ஏறி நிக்காஹ் நடக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. பணத்திலும் இதே பிரிவு. ‘மாஸ் காவின்’ என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர்; மதக் கடமை; பெரும்பாலும் சிறிய தொகை. ‘ஹந்தாரான்’ என்பது இரு வீடும் பேசி முடிவு செய்யும் சீர். தட்டுகளை ஒற்றைப்படையில் அடுக்கி இருபக்கமும் மாற்றிக்கொள்வார்கள். இதில்தான் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். சமயப் பெரியவர்கள் ஹந்தாரானைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். குடும்பங்களும் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. இந்த வாக்கியத்தை எந்தத் தமிழ் வீட்டுக்கும் விளக்க வேண்டியதில்லை. மணமக்களைக் குறிக்கும் ‘மெம்பெலாய்’ என்ற மலாய்ச் சொல்லே நம் ‘மாப்பிள்ளை’யிலிருந்து போனதுதான். ஊரில் மதம் தெரிந்த பெரியவரை ‘லெபாய்’ என்பதும் நம் லெப்பையிலிருந்து.

அடாட் வெறும் அலங்காரம் என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. சொத்து, குலம், ஆட்சி வரைக்கும் அது போகும். அதற்கு நெகிரி செம்பிலான் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் மாநிலம். அங்கே ‘அடாட் பெர்பாத்தே’ என்ற தாய்வழி முறை. மக்கள் பன்னிரண்டு குலங்களாக, ‘சுக்கு’க்களாகப் பிரிந்திருக்கிறார்கள். பிள்ளை தாயின் குலம். ஒரே சுக்குவுக்குள் கல்யாணம் கிடையாது. குலத்தின் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போகிறவர். மற்ற மலாய் மாநிலங்களில் ‘அடாட் தெமெங்கோங்’ என்ற வேறு முறை. அங்கே தகப்பன் வழிக்குத்தான் முதலிடம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அப்படியிருக்க நிலம் முழுவதும் மகள்களுக்குப் போவது எப்படி? அடாட் தரப்பு சொல்லும் பதில் நுட்பமானது. குலநிலம் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமில்லை. பெண்கள் அதைக் குலத்துக்காகக் காத்து வருகிறார்கள். இறந்தவருக்குச் சொந்தமாக இருந்ததைத்தானே பங்கு போட முடியும்? அவர் உழைத்துச் சம்பாதித்தது வேறு கணக்கு. எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1951ல் ரெம்பாவ் பகுதியில் சமய அறிஞர்கள் இந்த நிலமுறை ஷரீஅத்துக்கு எதிரானது என்று கேள்வி எழுப்ப, பெண்கள் வெளிப்படையாக எதிர்த்து நின்றார்கள். நிலமுறை மாறவில்லை. தொழுகையும் நோன்பும் விடாத அந்தப் பெண்கள் தங்களை மதத்துக்கு எதிரானவர்களாகக் கருதவே இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆட்சியிலும் இந்த மாநிலம் வேறுமாதிரி. அரச குடும்பத்து ஆண்களில் அடுத்த அரசர் யார் என்பதை சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் ‘உண்டாங்’ என்ற தலைவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1957ல் சுதந்திர மலாயாவின் முதல் மாமன்னரானவர் இந்த மாநிலத்தின் துவாங்கு அப்துல் ரஹ்மான். மலேசிய ரிங்கிட் நோட்டில் இன்றும் இருப்பது அவர் முகம்தான்.

பெருநாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஹரி ராயா’ என்பதை அப்படியே பிரித்தால் ஹரி நாள், ராயா பெரியது: பெருநாள். தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் சொல்லும் அதுவே. ரமலானின் கடைசி நாட்களில் கிராமத்து வீடுகளைச் சுற்றி ‘பெலித்தா’ என்ற எண்ணெய் விளக்குகள் ஏற்றுவார்கள். தென்னங்குருத்தில் கூடு பின்னி அரிசி நிரப்பி அவித்த கெத்துப்பாட், மூங்கிலுக்குள் வேகவைத்த ஒட்டரிசி லெமாங், மணிக்கணக்கில் சுண்டவைத்த ரெண்டாங் கறி. பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்ததும் சின்னவர்கள் பெரியவர்கள் கையைப் பிடித்து முத்தமிட்டு ‘மாஅஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்பார்கள். வெளியே தெரிய செய்த தவறுக்கும் மனசுக்குள் நினைத்த தவறுக்கும் மன்னிப்பு. ஸாஹிர், பாத்தின் இரண்டும் சூஃபிகள் புழங்கும் அரபுச் சொற்கள். வெளி, உள் என்று பொருள். கடுமையான தத்துவச் சொற்கள் இரண்டு ஆறு வயதுக் குழந்தையின் வாயில் வருஷா வருஷம் வருவதைப் போல அழகான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாம் சுமுகமாகவே நடக்கிறது என்று சொன்னால் அது பொய். 1906ல் சிங்கப்பூரில் ஆரம்பித்த ‘அல் இமாம்’ இதழைச் சுற்றி ‘காவும் மூடா’ என்ற இளைய தரப்பு உருவானது. இறந்தவர் பெயரில் வைக்கும் கெண்டூரி விருந்து, அடக்கம் செய்ததும் கப்ரடியில் இறந்தவருக்காகத் தல்கீன் ஓதுவது போன்றவற்றுக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். ‘காவும் துவா’ என்ற மூத்த தரப்பு பதில் சொன்னது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மௌலிது, ஃபாத்திஹா பற்றி நடந்த வாதங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கிளந்தானில் ‘மாக் யோங்’ என்ற நாட்டிய நாடகத்தை 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலையாக அறிவித்தபோது, அந்த மாநிலத்திலேயே அதற்குத் தடை இருந்தது. பழைய ஆவி வழிபாட்டுக் கூறுகள் இருப்பதுதான் காரணம். 2019ல் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். மொழியிலும் நகர்வு தெரிகிறது: செம்பாஹ்யாங் என்ற இடத்தில் இப்போது பலர் ‘சோலாத்’ என்ற அரபுச் சொல்லையே சொல்கிறார்கள். தூணை இழைப்பதும் மாற்றுவதும் ஓயவில்லை.

மலேசிய அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் அடாட்டைக் கடைப்பிடிப்பவர். பிறப்பிடம், வம்சம் பற்றிய ஒரு நிபந்தனையும் கூடவே உண்டு; ஆனால் முதலில் வரும் இந்த மூன்றில் இரத்த உறவு இல்லை. மதம், மொழி, வழக்கம். இஸ்லாத்துக்கு மாறியவரை ‘மாசோக் மெலாயு’, மலாய்க்காரராகிவிட்டார் என்று ஊர் சொல்வதும் இதனால்தான். ஆனால் தமிழ் முஸ்லிம் ஒருவர் தமிழராகவே முஸ்லிமாக இருக்க முடியும் என்பதால் இந்தச் சமன்பாடு சிக்கலும் தருகிறது.

கடைசியாக இலங்கை. டச்சுக்காரர்கள் தங்களோடு முரண்பட்ட ஜாவா அரசர்களையும் பிரபுக்களையும் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1708ல் வந்த மூன்றாம் அமங்குராட் அவர்களில் ஒருவர். கூடவே படைவீரர்களும் வந்தார்கள். இன்று கொழும்பு கொம்பனித்தெரு, அம்பாந்தோட்டை, கிரிந்தை பக்கங்களில் வாழும் இலங்கை மலாயர் சுமார் நாற்பதாயிரம் பேர் இவர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களோடும் சிங்களவர்களோடும் கலந்து வாழ்ந்ததில் அவர்கள் மலாயின் இலக்கணமே மாறிவிட்டது: வினை வாக்கியத்தின் கடைசிக்கு வந்தது, பெயர்ச்சொல்லில் நம்முடையதைப் போல வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டது. அவர்கள் வீடுகளில் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் ஜாவி மலாயும் அரபுத் தமிழும் ஒரே கட்டுக்குள் இருக்கின்றன. 1869ல் கொழும்பில் பாபா ஊனுஸ் சல்தீன் என்பவர் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ச் செய்தித்தாளை ஜாவி எழுத்தில் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் முதல் மலாய்ச் செய்தித்தாளான ‘ஜாவி பெரானாக்கான்’ 1876ல்தான் வந்தது. அதை நடத்தியவர்கள், இந்திய முஸ்லிம் தகப்பன்மாருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகள்.